கார் சைலன்சர் தொல்லை: சத்தம், வாடை, இழுவைக் குறைவு – அறிகுறியைப் பிடித்து வீட்டிலேயே சரிசெய்யும் முறை

"சைலன்சர் போயிருச்சுங்க, மொத்தமா மாத்தீரலாமுங்க" என்று பட்டறையில் சொன்னதும் தலையாட்டிவிட வேண்டாம். "எந்த ஜாயிண்ட்டுல ஒழுகுதுன்னு காட்டுங்கண்ணா" என்று கேளுங்கள். சைலன்சர் என்று ஒரே பெயரில் நாம் சொல்வது, இன்ஜினிலிருந்து பின் பம்பர் வரை கோத்த ஒரு வரிசை. முன்னால் இன்ஜின் புகையைச் சேர்த்து வாங்கும் மேனிஃபோல்டு, அதை ஒட்டிப் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், வளைந்து கொடுக்கும் பிளெக்ஸ் பைப், நடு பைப், கடைசியில் பெரிய டப்பா. இவற்றை இணைக்க, இடுக்கில் ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கெட்டும் ஸ்பிரிங் போல்ட்டும், தொங்கவிட ரப்பர் வளையங்களும் உண்டு. சின்ன கேஸ்கெட் போனாலும் டப்பா ஓட்டையானாலும் வண்டிக்குள் உட்கார்ந்திருப்பவருக்குச் சத்தம் ஒன்றாகத்தான் கேட்கும். ஆகவே எந்த இடம் என்று தெரியும்வரை ஒரு ரூபாய்க்கும் சாமான் வாங்க வேண்டாம்.

கீழே உள்ளது சாதாரணப் பெட்ரோல் கார்களுக்கானது. டீசல் காருக்கும் ரப்பர், கிளாம்ப், பின் டப்பா வேலை இதேதான். ஆனால் பிஎஸ் 6 (புதிய புகை விதிப்படி வந்த) டீசலில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் அதைச் சுற்றிய சென்சார்களும் இருக்கும். அந்தப் பகுதியை வீட்டில் கழற்ற வேண்டாம். சிஎன்ஜி, எல்பிஜி போட்ட வண்டியில் பின்பக்கம் தீ, கிரைண்டர் எதுவும் கொண்டுபோகவே கூடாது.

வண்டிக்கு அடியில் போகும் முன்

சிமெண்ட் தரை வேண்டும். தோட்டத்துச் சாளை (தோட்ட வீடு) வாசலில் செம்மண் தரைதான் என்றால், ஜாக்குக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் ஓர் அடி சதுரத்துக்குக் கெட்டியான பலகை போடுங்கள். பலகை இல்லாத ஸ்டாண்டு, நீங்கள் ஸ்பேனரைப் பிடித்து இழுக்கிற இழுப்பில் மெல்லப் புதையும்.

டிக்கியில் வரும் ஜாக் டயர் மாற்றத்தான். அதை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள். இரண்டு ஜாக் ஸ்டாண்டு கட்டாயம். ஹாலோ பிளாக்கை முட்டுக் கொடுப்பது நம் பக்கத்தில் அடிக்கடி பார்க்கிற காட்சி. அந்தக் கல் விரிசல் காட்டாமலே ஒரே நொடியில் நொறுங்கும். செங்கலும் அப்படித்தான்.

இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அந்தப் பிடிப்பு தரையில் இல்லை. ஆகவே முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, முதல் கியரில் போட்டுவிட்டுத்தான் தூக்க வேண்டும். தூக்கியபின் பக்கவாட்டில் கையால் தள்ளிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள்.

ஓட்டி வந்த வண்டியை ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள். திம்பமோ கோத்தகிரியோ ஏறி இறங்கி வந்திருந்தால் இரண்டு மணி நேரம். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் துருவைத் தட்டாதீர்கள், விழுவது நேராக முகத்தில்தான். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓட்டாதீர்கள். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. வீட்டில் இன்னொரு ஆள் இருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

தேவையான சாமான்: 12, 14, 17 பாக்ஸ் ஸ்பேனர், நீட்டுக் குழாயுடன் ராட்செட், ரிங் ஸ்பேனர், கம்பி பிரஷ், ஹேக்ஸா, சுத்தியல், ரப்பர் சுத்தியல், பெரிய ஸ்க்ரூடிரைவர், துரு இளக்கும் ஸ்பிரே, தோல் கையுறை, டார்ச். பாக்ஸ் ஸ்பேனர் ஆறு மூலை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பன்னிரண்டு மூலை ஸ்பேனர் துருப்பிடித்த நட்டின் மூலைகளை வழித்துவிடும், பிறகு பிடிக்க ஒன்றும் இருக்காது.

## அறிகுறி 1: திடீரென்று டிராக்டர் மாதிரி உறுமுகிறது

ஆக்சிலேட்டரை விட்டதும் பின்னால் படபடவென்று வெடிக்கிறதா? ஒழுக்கு பெரும்பாலும் நடுவிலோ முன்னாலோ இருக்கும். உறுமல் மட்டும் என்றால் பின்னாலிருந்து தேடத் தொடங்குங்கள்.

*சோதனை 1, பார்வை.* வண்டி குளிர்ந்திருக்கும்போது டார்ச் அடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். ஒழுகும் இடத்தில் கரி படிந்து, மெலிந்த கறுப்புக் கோடாக விசிறி விரிந்திருக்கும். பிறகு ஸ்க்ரூடிரைவர் பிடியால் டப்பாவை வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு 'டங்' என்று சொல்லும். உள்ளே அரித்துப்போன இடம் சொத்தென்று அமுங்கின குரலில் பேசும். அந்த இடத்தை முனையால் குத்தினால் துரு அப்பளம்போலப் பாளமாக உரியும். முக்கியமாக டப்பாவின் அடிப்பக்கத்தையும் பைப் டப்பாவுக்குள் நுழையும் கழுத்தையும் விடாதீர்கள். முதலில் போவது அந்த இரண்டும்தான்.

*சோதனை 2, ஈரத்துணி.* பார்வைக்குத் தெரியவில்லை என்றால் இது. காலையில் முதல் ஸ்டார்ட், வண்டி சக்கரங்களில் தரையில் நிற்கிறது, கட்டை வைத்திருக்கிறது. ஒருவர் ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடட்டும். தோல் கையுறை போட்டு, ஈரத் துண்டை நாலாக மடித்து, பின் பைப் வாயை 3, 4 விநாடி மட்டும் அமுக்குங்கள். முகத்தைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வரிசை முழுவதும் கெட்டியாக இருந்தால் கையில் அழுத்தம் ஏறி இன்ஜின் திணறும். எங்காவது ஓட்டை இருந்தால் அழுத்தமே ஏறாது, 'உஸ்ஸ்' என்ற சத்தம் ஒழுகும் இடத்தைக் காட்டிக் கொடுக்கும். ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். அதற்குமேல் பைப் சுடும்.

*சோதனை 3, சோப்புத் தண்ணீர்.* இன்ஜின் நிறுத்தி, குளிர்ந்த நிலையில், காற்று ஊதும் புளோயரைப் பின் பைப்பில் துணி சுற்றிப் பொருத்தி மெல்ல ஊதவிடுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஊசித்துளை இருந்தாலும் நுரை கட்டும்.

இடம் தெரிந்துவிட்டதா? செலவு ஏறும் வரிசையில் போகலாம்.

கிளாம்ப் அல்லது போல்ட் தளர்ந்திருந்தால்: இறுக்கிவிட்டு ஈரத்துணிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். இரண்டு போல்ட்டையும் மாறி மாறிக் கால் சுற்றாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் விளிம்பு சாய்ந்து மறுபடி ஒழுகும்.

இணைப்பின் கேஸ்கெட் போயிருந்தால்: வளைய வடிவில், வடை மாதிரி இருப்பது ஸ்பிரிங் போல்ட் இணைப்புக்கு. தட்டையாக இருப்பது மூன்று அல்லது இரண்டு போல்ட் விளிம்புக்கு. பழையதை எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். உள் விட்டம் 2 மி.மீ. மாறினாலும் உட்காராது. ஸ்பிரிங்கும் போல்ட்டும் சேர்த்தே மாற்றுங்கள். சூட்டில் தளர்ந்த ஸ்பிரிங் புது கேஸ்கெட்டை அழுத்திப் பிடிக்காது. அதே சத்தம் ஒரே மாதத்தில் திரும்பி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

பைப்பில் சின்ன ஓட்டை, சுற்றிலும் தகடு கெட்டி: வீடு வந்து சேர ஒரு வழி உண்டு. எண்ணெய் டின் தகட்டை ஓட்டையைச் சுற்றி இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டி, கடையில் விற்கும் சைலன்சர் பேஸ்ட் தடவி, இரண்டு பக்கமும் இரும்பு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் எபாக்ஸி புட்டி இந்தச் சூட்டைத் தாங்காது, கருகி உதிரும். நிரந்தரமாகச் சரியாக வெல்டிங்தான். பைப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போவது நல்லது. வண்டியிலேயே வைத்து வெல்டிங் வைப்பதானால் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். சைலன்சர் தகடு மெல்லிசு. கேட்டுக்கு வைக்கிற மாதிரி ஆர்க் ராடு பிடித்தால் பொத்துக்கொண்டு ஓட்டை பெரிதாகும். மிக் அல்லது கேஸ் வெல்டிங் வைக்கும் கடையாகத் தேடுங்கள்.

டப்பாவே அரித்திருந்தால்: மாற்ற வேண்டியதுதான். ஒட்டுப் போட்டால் ஒட்டின் ஓரத்தில் அடுத்த ஓட்டை வரும். மாற்றும் முறையைக் கீழே விரிவாகச் சொல்லியிருக்கிறது.

பிளெக்ஸ் பைப்பின் பின்னல் பிரிந்திருந்தால்: அதை வெட்டி வேறு வைக்க வெல்டிங் வேண்டும், கடைக்கு விடுங்கள். ஆனால் அதற்கு முன் இன்ஜின் மவுண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மவுண்ட் ரப்பர் செத்து இன்ஜின் ஆடினால் புது பிளெக்ஸும் சீக்கிரம் பிரியும். அங்கே வெறும் கெட்டிப் பைப்பை வைத்து ஒட்டித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆட்டம் முழுவதும் மேனிஃபோல்டுக்குப் போய் அது விரிசல் விடும்.

## அறிகுறி 2: காலையில் மட்டும் 'டிக் டிக்', சூடானதும் நின்றுவிடுகிறது

இன்ஜின் பக்கம், பானெட்டைத் திறந்தால் கேட்கும். மேனிஃபோல்டு கேஸ்கெட் அல்லது மேனிஃபோல்டில் முடி விரிசல். சூட்டில் இரும்பு விரிந்து ஓட்டை அடைபடுவதால்தான் சத்தம் நிற்கிறது. அதனால் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

குளிர்ந்த நிலையில் மேனிஃபோல்டு நட்டுகளை ஒருமுறை ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள். தளர்ந்திருந்தால் மட்டும் மெல்ல இறுக்குங்கள். அதற்குமேல் வலுவைக் கொடுத்தால் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) இன்ஜின் ஹெட்டுக்குள்ளேயே முறியும். அலுமினிய ஹெட்டிலிருந்து முறிந்த ஸ்டட்டை எடுப்பது நேராகத் துளை போடத் தெரிந்த கைக்குரிய வேலை. நட்டு லேசாகத் திரும்பவில்லை என்றால் அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கை அழையுங்கள்.

## அறிகுறி 3: வேகத்தடையில் 'கடங்', ஓடும்போது 'கலகல'

கடங் என்று இடிக்கிறதா? ரப்பர். பின் டப்பாவைக் கையால் நாலு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருக்கும், அல்லது நீண்டு டப்பா சாய்ந்திருக்கும். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. ஒன்று போயிருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள், ஏனென்றால் மீதி ரப்பர்கள் அதன் எடையையும் சேர்த்துச் சுமந்து நைந்திருக்கும்.

பழையதைக் கழற்றவும் புதியதை ஏற்றவும் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸ், எண்ணெய் தடவினால் ரப்பர் ஊதிச் சீக்கிரம் கிழியும். ரப்பர் வராமல் அடம்பிடித்தால் பெரிய ஸ்க்ரூடிரைவரைக் கொக்கிக்கும் ரப்பருக்கும் நடுவே நுழைத்து, முன்னால் நெம்பாமல் சுழற்றுங்கள். வழுக்கிக்கொண்டு வரும்.

வழியில் ரப்பர் அறுந்து டப்பா தரையில் இழுபட்டால் கட்டுக்கம்பியால் கட்டிக்கொண்டு வீடு வாருங்கள். தேங்காய்நார்க் கயிறு வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். சைக்கிள் டியூப் உருகும். கட்டுக்கம்பியையும் நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள். கம்பி ஆட்டத்தை உறிஞ்சாது, அந்த அதிர்வு முழுவதையும் பைப்பின் வெல்டிங்கே வாங்கிக்கொண்டு விரிசல் விடும்.

கலகல என்று தகரம் ஆடுகிறதா? சூட்டுத் தடுப்புத் தகடு. பைப்புக்கும் வண்டித் தரைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய அலுமினியத் தகடு அது. போல்ட் ஓட்டை அரித்துப் பெரிதாகியிருக்கும். போல்ட்டுக்கு அகலமான வாஷர் கொடுங்கள், சரியாகிவிடும். பைப்பைச் சுற்றி இருக்கும் தகடு என்றால் நீளமான இரும்பு ஹோஸ் கிளாம்ப் ஒன்றைச் சுற்றி இறுக்குங்கள். தொந்தரவு என்று பிய்த்து எறிந்துவிடாதீர்கள். மேலே தரை விரிப்பும் பக்கத்தில் பெட்ரோல் குழாயும் இருக்கின்றன.

டப்பாவுக்குள்ளிருந்து சத்தமா? ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். பின் டப்பாவுக்குள் கிலுகிலுப்பை மாதிரி கேட்டால் உள் தடுப்பு பிரிந்திருக்கிறது, டப்பாவை மாற்ற வேண்டும். கன்வெர்ட்டருக்குள் கேட்டால் உள்ளிருக்கும் பீங்கான் தேன்கூடு உடைந்திருக்கிறது. அறிகுறி 5-க்குப் போங்கள்.

## அறிகுறி 4: வண்டிக்குள் வாடை

இதில் இரண்டு கிளை. எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

எரிகிற, தீய்கிற வாடை: வெளியிலிருந்து ஏதோ பைப்பில் ஒட்டியிருக்கிறது. சாலையில் கிடந்த தீவனச் சாக்கு, பிளாஸ்டிக் பை சூடான பைப்பில் உருகி ஒட்டுவது சாதாரணம். குளிர்ந்தபின் மரக்கட்டையால் சுரண்டி எடுங்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தோப்புக்குள் நிற்கும் வண்டிகளில் எலி காய்ந்த நாரைச் சூட்டுத் தடுப்புத் தகட்டின் மேலே கொண்டுபோய் அடைத்து வைக்கும். இதைச் சும்மா விடக்கூடாது. தகட்டுக்கு மேல் கைவிட்டு முழுவதையும் உருவி எடுங்கள். சூடான வண்டியைச் சோளத்தட்டுப் போரை ஒட்டியோ காய்ந்த புல் மேலேயோ நிறுத்தாதீர்கள். பிஎஸ் 6 டீசல் தன் வடிகட்டிக் கரியை எரிக்கும் நேரத்தில் அடிப்பகுதி வழக்கத்தைவிட அதிகமாகச் சுடும்.

புது சைலன்சர் போட்ட முதல் கால் மணி நேரம் லேசான புகையும் பெயின்ட் வாடையும் வரும். அது பூச்சு எரிவது, தானாக அடங்கும்.

புகை வாடை, கூடவே தலைவலி, தூக்கம், குமட்டல்: வண்டியை ஓரம் கட்டி, எல்லோரும் இறங்குங்கள். சந்தேகம் தீரும்வரை குழந்தைகளை அந்த வண்டியில் ஏற்ற வேண்டாம். பட்டறை வரை ஓட்டியே தீர வேண்டும் என்றால் எல்லாக் கண்ணாடியையும் இறக்கி, டிக்கி கெட்டியாக மூடியிருக்கிறதா என்று பார்த்து ஓட்டுங்கள். டிக்கியைத் திறந்து வைத்து ஓட்டுவது நிலைமையை மோசமாக்கும், வண்டிக்குப் பின்னால் சுழலும் காற்று புகையை உள்ளே இழுக்கும்.

பார்க்க வேண்டியவை: டிக்கிக் கதவின் ரப்பர் பீடிங், டிக்கித் தரையில் இருக்கும் ரப்பர் மூடிகள், பின் பைப் பம்பருக்கு வெளியே நீண்டிருக்கிறதா என்பது. இவை சரியாக இருந்து வாடை மட்டும் தொடர்ந்தால் ஒழுக்கு பெரும்பாலும் முன்பகுதியில் இருக்கும். இங்கே தள்ளிப்போட இடமே இல்லை. அன்றைக்கே மெக்கானிக்.

## அறிகுறி 5: இழுவை இல்லை, மேட்டில் மூச்சு வாங்குகிறது

சமதளத்தில் ஓடுகிறது, ஆனால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவது கியர் எடுக்கவே மறுக்கிறது என்றால் அடைப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு காரணம்தான். முதலில் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பெட்ரோல் ஃபில்டர், பிடித்துக்கொண்ட பிரேக் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு இங்கே வாருங்கள்.

பின் பைப் வாயில் டார்ச் அடியுங்கள். நாள்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், எலி எதையாவது திணித்திருக்கும். பின்னால் கல்லிலோ வரப்பிலோ மோதியிருந்தால் பைப் நசுங்கியிருக்கும். டார்ச்சை அடியிலும் ஓடவிடுங்கள். தரைப்பாலத்தில் கல்லடி பட்டு நடு பைப் பாதியாகத் தட்டையாவது உண்டு.

இன்ஜின் ஓடும்போது பின் பைப்பிலிருந்து ஓர் அடி தள்ளிக் கையை வையுங்கள். ஆக்சிலேட்டரை ஏற்றினால் காற்றும் ஏற வேண்டும். ஏறாமல் நசநசவென்று வந்தால் கன்வெர்ட்டர் அடைப்பு என்று சந்தேகிக்கலாம். மெக்கானிக், புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அங்கே அழுத்த மீட்டர் வைத்துப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தச் சோதனை இல்லாமல் கன்வெர்ட்டரை மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். அது பல்லாயிரம் ரூபாய்ச் சாமான்.

கன்வெர்ட்டர் தானாகக் கெடுவது குறைவு. மிஸ்ஃபயர் ஆகி (சிலிண்டரில் சரியாகத் தீப்பிடிக்காமல்) எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து தேன்கூட்டை உருக்கும். இன்ஜின் ஆயில் குடித்தால் கரி அடையும். மழைக்காலத்தில் கோவை லங்கா கார்னர் பாலத்தடியில் தேங்கும் தண்ணீர் மாதிரி ஆழத்துக்குள் சூடாக இறக்கினால் பீங்கான் விரிசல் விடலாம். மூலக் காரணத்தைச் சரிசெய்யாமல் புதிது போட்டால் அதுவும் போகும்.

"உள்ளே இருக்கறதைக் குத்தி எடுத்துட்டா வண்டி பறக்குமுங்க" என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். செய்யாதீர்கள். புகைச் சான்றுச் சோதனையில் மாட்டும், செக் இன்ஜின் விளக்கு அணையாது. புகை, சத்தத்துக்கான விதியை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி அபராதம் பத்தாயிரம் ரூபாய் வரை போகலாம். பீங்கான் தூளை மூச்சில் இழுப்பதும் நல்லதல்ல. ஒன்று ஞாபகம் வையுங்கள்: கன்வெர்ட்டரை மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள். அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கின்றன. பழைய இரும்புக்காரர் அதற்கு வெறும் இரும்பு விலை அல்ல, அதைவிடக் கூடுதலாகப் போடுவார்.

## அறிகுறி 6: பின் பைப்பில் தண்ணீர் சொட்டுகிறது

குளிர்காலக் காலையில் வந்து, வண்டி சூடானதும் நின்றால் ஒன்றுமில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது, குளிர்ந்த பைப்பில் அது சொட்டாகிறது.

பல டப்பாக்களின் அடியில் 2, 3 மி.மீ. அளவில் ஒரு துளை கம்பெனியிலேயே போட்டிருப்பார்கள். தண்ணீர் வடிய அது. ஓட்டை என்று நினைத்து அதை வெல்டிங்கால் அடைத்துக்கொண்டு வருபவர்கள் ஏராளம். அடைத்தால் தண்ணீர் உள்ளேயே நின்று டப்பாவை அரிக்கும். வட்டமாக, ஓரம் சுத்தமாக இருந்தால் அது வடிதுளை. ஓரம் கந்தலாக, சுற்றிலும் துரு என்றால்தான் ஓட்டை.

தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிற வண்டியில் அந்தத் தண்ணீர் ஆவியாக நேரமே கிடைக்காது. வாரத்தில் ஒருநாள் அரைமணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள்.

சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை, இனிப்பு வாடை, ரேடியேட்டரில் கூலன்ட் குறைவு என்று மூன்றும் சேர்ந்தால் சைலன்சரில் தேட வேண்டாம். ஹெட் கேஸ்கெட். ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

## அறிகுறி 7: செக் இன்ஜின் விளக்கு, ஸ்கேனரில் பி0420

கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் இந்த எண் வந்ததும் அதை மாற்றச் சொல்வார்கள். முதலில் ஈரத்துணிச் சோதனை. சென்சாருக்கு முன்னால் ஒழுக்கு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய் சென்சாரை ஏமாற்றும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். அடுத்து சென்சார் ஒயர் பைப்பில் பட்டு உருகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகுதான் சென்சார், கடைசியில்தான் கன்வெர்ட்டர்.

ஆக்சிஜன் சென்சாரைக் கழற்ற 22 ஸ்பேனர், ஒயர் போக ஒரு பக்கம் வெட்டுள்ள சாக்கெட் என்றால் வசதி. இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது இளகும். மரையில் மட்டும் காப்பர் கிரீஸ் தடவுங்கள், முனையில் துளியும் படக்கூடாது. அதேபோல் சென்சாருக்கு முன்னுள்ள எந்த இணைப்பிலும் சாதாரண சிலிக்கான் பசை போடாதீர்கள், அதன் ஆவி சென்சாரைக் கெடுக்கும்.

## பின் டப்பாவை மாற்றுவது

வாங்க வேண்டியது: டப்பா, இணைப்புக் கேஸ்கெட் ஒன்று, அதற்குரிய போல்ட், ஸ்பிரிங், நட்டு, எத்தனை தொங்கலோ அத்தனை ரப்பர். கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் டப்பா மலிவாகக் கிடைக்கும். வாங்கினால் தட்டிப் பார்த்து, குலுக்கிப் பார்த்து வாங்குங்கள். கேஸ்கெட்டும் ரப்பரும் புதிதாகவே இருக்கட்டும்.

முதல் நாள் பொழுது சாய, ஆறிய வண்டியில் எல்லா நட்டு, போல்ட்டுக்கும் துரு இளக்கும் ஸ்பிரே அடியுங்கள். அதற்கு முன் வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷால் தேய்த்துவிடுங்கள், துருவின் மேல் அடித்தால் ஸ்பிரே உள்ளே இறங்காது. காலையில் இன்னொரு முறை.

மறுநாள் வண்டியை ஏற்றி நிறுத்தியதும் முதல் வேலை, நடு பைப்பை ஒரு கட்டையாலோ கம்பியாலோ தாங்கிக்கொள்வது. இதை விட்டுவிட்டால் பின் டப்பா கழன்றதும் நடு பைப் தொங்கி, முன்னால் பிளெக்ஸை இழுத்துக் கிழிக்கும்.

நட்டை நேராகக் கழற்றப் போகாதீர்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல், பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, மறுபடி திருப்பி, மறுபடி ஸ்பிரே. கிறீச்சென்று ஒரு சத்தத்துடன் பிடி விட்டால் வந்துவிடும். ஸ்பேனர் மெத்தென்று, வெல்லப்பாகில் சுழல்வதுபோல் வந்தால் அங்கேயே நில்லுங்கள். நட்டு கழலவில்லை, போல்ட் முறுக்கிக்கொண்டிருக்கிறது.

நட்டு வரவே இல்லையா? இரண்டு பக்கமும் ஓட்டை வழியாகப் போகிற போல்ட் என்றால் கவலையில்லை. ஹேக்ஸாவால் அறுத்துவிட்டுப் புது போல்ட் போடலாம். விளிம்பிலேயே பதித்த ஸ்டட் முறிந்தால் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போங்கள். கோயமுத்தூர், ஈரோடு, திருப்பூர் எங்கே இருந்தாலும் லேத் கூப்பிடு தூரத்தில் இருக்கும். துளை போட்டு எடுத்துப் புது ஸ்டட் வைத்துத் தருவார்கள். தீ வைத்து இளக்குவதைப் பின்பக்கம் செய்யவே வேண்டாம். பெட்ரோல் டேங்க், பிரேக் ஹோஸ் இரண்டும் ஒரு முழத்துக்குள் இருக்கின்றன. ஸ்பிரேயும் எரியக்கூடியது.

போல்ட் வந்ததும் ரப்பர்களை முன்னிருந்து பின்னாகக் கழற்றுங்கள், கடைசி ரப்பருக்கு ஒரு கை டப்பாவைத் தாங்கட்டும். சில வண்டிகளில் பைப் பின் ஆக்ஸிலுக்கு மேலே வளைந்து போகும். நெளித்து எடுக்க மல்லுக்கட்டுவதைவிட, மாற்றப்போகிற பழைய பைப்பை ஹேக்ஸாவால் அறுத்து இரண்டு துண்டாக எடுப்பது சுலபம். புதியது முழுத் துண்டாக நுழையுமா என்று அதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பழையதையும் புதியதையும் தரையில் பக்கம் பக்கமாகப் போட்டு ஒப்பிடுங்கள். நீளம், கொக்கிகள் இருக்கும் இடம், விளிம்பு ஓட்டை இடைவெளி மூன்றும் பொருந்த வேண்டும். கொக்கி அரை அங்குலம் தள்ளியிருந்தால் அப்போதே கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். இழுத்து மாட்டினால் ரப்பர் ஆறு மாதம் தாங்காது.

நடு பைப் விளிம்பில் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துவிட்டு இந்த வரிசையில் மாட்டுங்கள்: முதலில் ரப்பர்களில் தொங்கவிடுங்கள், அப்புறம் கேஸ்கெட், அப்புறம் மரையில் காப்பர் கிரீஸ் தடவிய போல்ட்கள் விரலால் மட்டும். இந்த நிலையில் டப்பாவை ஆட்டிச் சரிசெய்து, பாடி, ஆக்ஸில், டேங்க், பிரேக் ஹோஸ் எதிலிருந்தும் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. விலகி நிற்கிறதா என்று பாருங்கள். பிறகுதான் மாறி மாறி இறுக்க வேண்டும். ஸ்பிரிங் போல்ட்டில் தோள் (போல்ட்டின் தடித்த பகுதி) உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும்வரை நசுக்கினால் இணைப்பு அசைய முடியாமல் வேறு இடத்தில் விரிசல் விழும்.

வண்டியை இறக்கி, ஸ்டார்ட் செய்து, ஈரத்துணிச் சோதனை. 50, 100 கிலோமீட்டர் ஓடியபின், ஆறிய நிலையில் ஒருமுறை நட்டுகளை ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள்.

மாற்றியபின் புதுச் சத்தம் வந்தால்: ஐடிலில் மட்டும் 'டர்ர்' என்றால் பைப் எங்கோ பாடியைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் பூச்சு தேய்ந்து பளபளக்கும். போல்ட்டைத் தளர்த்தி, திருப்பி, மறுபடி இறுக்குங்கள். உறுமல் அப்படியே இருந்தால் ஓட்டை இன்னொன்று முன்னால் இருக்கிறது. கேஸ்கெட்டிலேயே உஸ்ஸென்றால் விளிம்பு கோணியிருக்கிறது. நேரான இரும்பு ஸ்கேலை விளிம்பின் குறுக்கே வைத்து வெளிச்சம் பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் எத்தனை கேஸ்கெட் மாற்றினாலும் நிற்காது, லேத்தில் கொடுத்து முகம் சமன் செய்து வாங்கி வாருங்கள்.